பல்லவமல்லனும் குடிகள் வேண்டிய முடியும்

பட்டு நெசவாலும் கோயில்களாலும் பெயர் விளங்கும் காஞ்சியில், வைகுந்தப் பெருமாள் கோயில் எனப்படும் பரமேச்சுர விண்ணகரம் வரலாற்று ஆராய்ச்சியாளர்க்கு ஒரு கருவூலமாகும். பல்லவர் வரலாறு அதன் திருச்சுற்று மாளிகைச் சுவர்களில் புடைப்புச் சிற்பங்களாக வரிசைப்படச் செதுக்கப்பட்டுள்ளது. ஒரு பகுதியின் கீழே கல்லெழுத்தும் உண்டு. இவற்றை விரிவாக ஆராய்ந்த டாக்டர் சி. மீனாட்சியின் நூல் அவர் மறைவுக்குப்பின் 1941இல் வெளிவந்தது. கோயிலை எடுப்பித்த இரண்டாம் நந்திவர்மனாகிய பல்லவமல்லன் அரசெய்திய வரலாற்றை அக்கல்லெழுத்துக் கூறுமாற்றினை ஈண்டு ஆராய்வோம்.

இரண்டாம் பரமேச்சுரவர்மன் கி.பி. 731ஐ ஒட்டி மறைந்தான். அமைச்சர், கடிகையார், குடிகளின் தலைவர் ஆகியோர் ஒருங்குகூடி, பல்லவர் கிளைமரபினனான இரணியவர்மனிடம் சென்று அரசன் ஒருவனைத் தருமாறு வேண்டினர். அவன் தன் மக்களை வினவ, மூத்தோர் மூவரும் மறுத்தனர். பன்னீராண்டு நிரம்பிய இளையோன் பல்லவமல்லன் மட்டுமே இசைந்தான். இளம்பருவத்தானைப் பிரியத் தந்தை மனம் ஒருப்படவில்லை. தரணிகொண்ட போசர் என்பார் எடுத்துரைத்துத் தெளிவித்த பின்னரே அவன் விடைகொடுத்தான். சிறுவன் மலையும் ஆறும் காடும் கடந்து காஞ்சி புகுந்து முடிசூடினான்.

மெய்க்கீர்த்திகளும் செப்பேடுகளும் வேந்தர்தம் குலப்பெருமையையும் வெற்றியையும் கூறுதல் பெருவழக்கு. இக்கல்லெழுத்தோ வேண்டுகோள், மறுப்பு, தயக்கம், இசைவு ஆகிய நான்கினையும் மறையாது உரைக்கின்றது. ஈண்டு ஈகை இருவருடையது: மகன் தன் இளமையை ஈந்தான், தந்தை தன் மகனை ஈந்தான்.

அம்முடி அவனுக்கு இன்பத்தைத் தந்ததன்று. பகைவர் அவனை நந்திபுரத்தில் முற்றுகையிட்டனர். படைத்தலைவன் உதயசந்திரன் சித்திரமாயனைக் கொன்று மன்னனை மீட்டான். சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியையே கைப்பற்றினான். எனினும் நகரை அழியாது விடுத்து, இராசசிம்மேச்சுரத்துக்குப் பொருள் வழங்கினான் என்பதை அக்கோயிலின் கன்னடக் கல்வெட்டு உணர்த்தும். இத்துன்பங்களைக் கடந்து நந்திவர்மன் நெடிது ஆண்டான் என்பதற்குப் பட்டத்தாள்மங்கலச் செப்பேட்டின் 61ஆம் ஆட்சியாண்டே சான்று.

வென்றவன் தன் கோயிலில் தானே எழுதுவித்த வரலாற்றை எங்ஙனம் நம்புவது எனச் சிலர் ஐயுறலாம். ஐயம் தக்கதே. 21ஆம் ஆட்சியாண்டின் உதயேந்திரச் செப்பேடு அவனைப் பரமேச்சுரவர்மன் மகன் என்கின்றது. 22ஆம் ஆண்டின் காசக்குடிச் செப்பேடோ அவனைச் சிம்மவிட்டுணுவின் தம்பி பீமவர்மன் வழியினன் என்றும், குடிகளால் தெரிந்தெடுக்கப்பட்டவன் என்றும் கூறும். ஓராண்டு இடைவெளியில் எழுந்த இம்முரண், அவன் உரிமை வழக்குக்கு உட்பட்டிருந்தது என்பதைக் காட்டுகின்றது.

ஆயினும் இம்முரணே நம் கருத்துக்கு அரணாகின்றது. மகன் என்னும் எளிய உரிமையை நாட்டுதற்கு வாய்ப்பிருந்தும், எவரும் காணும் கோயிற் சுவரில் அவன் அதனைப் பொறிக்கவில்லை. தான் பிறர் மகன் என்பதையும், மூத்தோர் மறுத்த பொறுப்பினைத் தான் ஏற்றதையும், குடிகள் தன்னை வேண்டியதையுமே பொறித்தான். நிகழ்ச்சி ஒவ்வொன்றும் அவ்வாறே நடந்ததாயினும் ஆகுக, ஒரு பகுதி புனைவாயினும் ஆகுக. தலைமைக்கு உரிமை தருவன குடிகளின் நம்பிக்கையும் தலைவனின் ஈகையுமே என்னும் எண்ணம் எட்டாம் நூற்றாண்டுக் காஞ்சியில் மதிப்புப் பெற்றிருந்தது என்பது தெளிவு. அச்சிற்பத் தொடரின் தலையாய வரலாற்றுப் பயன் இதுவே எனக் கொள்ளுதல் பொருந்தும்.