எண்ணிக்கைக்கு எட்டாத குழந்தைகள்: தேனி மாவட்டப் பளியர் குடியிருப்புகளில் குழந்தை, குடும்ப நலப் பணிகள்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் உள்ள லோயர் கேம்ப் அருகிலிருந்து கண்ணகி கோயிலுக்கு நடந்து செல்வோர், பளியன்குடியிலிருந்துதான் மலையேறுகின்றனர். ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு நாளில் பெருந்திரளான மக்கள் அவ்வழியே கடந்து போகின்றனர். அவ்வூருக்குப் பெயர் தந்த பளியர் சமூகத்தின் குழந்தைகளுக்கு அரசின் நலப் பணிகள் எவ்வாறு சென்று சேர வேண்டும், அவை எங்கெங்கே நின்றுவிடுகின்றன, சட்டம் தரும் வழிகள் யாவை என்பனவற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

மக்களும் மாவட்டமும்

பழனி மலை, வருசநாடு, மேகமலை, போடி மலைப்பகுதிகளிலும் அவற்றின் அடிவாரங்களிலும் சிறு சிறு குடியிருப்புகளாக வாழ்பவர்கள் பளியர்கள். தேன், கிழங்கு, கடுக்காய், நெல்லி முதலியவற்றைச் சேகரித்து வாழ்ந்த இவர்களுள் பலர் இன்று காப்பி, ஏலக்காய், இலவம் தோட்டங்களில் கூலிகளாக உள்ளனர். தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் இவர்களது பெயர் பள்ளியன், பள்ளியர் முதலிய வடிவங்களில் இடம்பெற்றுள்ளது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தேனி மாவட்டத்தில் ஏறத்தாழ 12.45 இலட்சம் பேர் வாழ்ந்தனர். அவர்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரோ நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டவில்லை. பளியர் குழந்தைகள் எதிர்கொள்ளும் சிக்கலின் வேர் இந்தச் சிறிய எண்ணிக்கையில் உள்ளது.

எண்ணிக்கை என்னும் வேலி

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975இல் தொடங்கப்பட்டது. அதன் வரையறைப்படி மலை, பழங்குடிப் பகுதிகளில் 300 முதல் 800 பேருக்கு ஓர் அங்கன்வாடியும், 150 முதல் 300 பேருக்கு ஒரு சிறு அங்கன்வாடியும் அமையலாம். முப்பது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு நால்வர் என்றால் 120 பேர். சிறு அங்கன்வாடிக்கான அளவைக்கூட அவர்கள் தொடவில்லை. உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் பிறப்பித்த ஆணை, ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பு கோரினால் மூன்று மாதங்களுக்குள் அங்கன்வாடி அமைக்க வேண்டும் என்றது. நம் கணக்கிலுள்ள குடியிருப்பில் 40 குழந்தைகளும் இருக்க வாய்ப்பில்லை. எனவே மையம் கீழே ஊருக்குள் அமைகிறது. மூன்று வயதுக் குழந்தை அவ்வளவு தொலைவு நாள்தோறும் நடக்க முடியாது. மையம் ஊர்த்தெருவில் இருப்பதால் சேரிக் குழந்தை விலகி நிற்க நேரும் கொடுமையைத் தலித் இயக்கங்கள் நன்கறியும். இங்கே சாதியோடு தொலைவும் சேர்ந்துகொள்கிறது.

மற்றத் திட்டங்களிலும் இதே நிலைதான். தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதி என எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் இங்கே செல்லாது. பழங்குடியினர் செறிந்து வாழும் கொல்லிமலை, கல்வராயன் மலை, ஜவ்வாது மலை போன்ற பகுதிகளுக்கே ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டம் அமைந்தது. தேனி அதில் இல்லை. 2023 நவம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய பிஎம் ஜன்மன் திட்டம், குறிப்பாக நலிவுற்ற பழங்குடிக் குழுக்களுக்கு உரியது. தமிழ்நாட்டில் அப்பிரிவில் உள்ளோர் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய அறுவகையினரே. பளியர் அதிலும் இல்லை.

‘காட்டு நிலம்’ என்னும் மறுப்பு

மேகமலை 2009இல் வனவிலங்கு சரணாலயமாகவும், 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் ஆனது. காட்டுக்குள் கட்டடம் எழுப்ப இயலாது என்ற விடை வழக்கமாகக் கிடைப்பது. ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, குடிநீர், சாலை உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்காகக் காட்டு நிலத்தை ஒதுக்க வழிசெய்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமை, கிராம சபையின் பரிந்துரை ஆகியனவே நிபந்தனைகள். பழைய குடியிருப்புகளும் அளவிடப்படாத கிராமங்களும்கூட இச்சட்டத்தின்படி ‘கிராமம்’ ஆகும். எனவே ஊராட்சியின் பெருங்கூட்டத்தில் சிறுபான்மையாய் அமர்ந்திருக்கும் பளியர்கள், தம் குடியிருப்பின் சபையிலேயே தீர்மானம் இயற்றக் கோரலாம்.

சான்றிதழும் புலம்பெயர்வும்

பட்டியல் சாதியினருக்கான சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் வழங்குகிறார். பழங்குடியினருக்கோ வருவாய்க் கோட்ட அளவிலான அதிகாரியே வழங்க வேண்டும். தேனியில் அவ்வலுவலகங்கள் பெரியகுளத்திலும் உத்தமபாளையத்திலும் உள்ளன. ஒரு நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் இழந்தே ஒவ்வொரு முறையும் அங்கே செல்ல வேண்டும். சான்றிதழ் இல்லையேல் கல்வி உதவித்தொகை இல்லை, இடஒதுக்கீடும் இல்லை.

ஏலக்காய்ப் பருவத்தில் இடுக்கித் தோட்டங்களுக்குக் குடும்பமாகச் செல்வோரின் குழந்தைகள், இங்குள்ள பதிவேட்டில் ‘வருகையின்மை’ என்றும் அங்குள்ள பதிவேட்டில் இல்லாமலும் ஆகின்றனர். தடுப்பூசியும் சத்துமாவும் மாநில எல்லையில் நின்றுவிடுகின்றன.

பாதுகாப்பின் பெயரால் பிரித்தல் கூடாது

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி சட்டம், குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பதை இறுதி வழியாகவே கொள்ள வேண்டும் என்கிறது. தாயோ தந்தையோ இறந்த, நோயுற்ற குடும்பங்களில் குழந்தை உறவினரிடமே வளர, மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை பெற வழியுண்டு. ஊரகப் பகுதிக்கான ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பித்தல் வேண்டும். இத்தொகை உள்ளதென அறியாத குடும்பம், வறுமையின் பொருட்டுக் குழந்தையை விடுதிக்கோ தோட்ட வேலைக்கோ அனுப்பிவிடும்.

இளவயதுத் திருமணம் இதனினும் கடினமான வினா. 18 வயது நிறையாத பெண் கருவுற்றால் மருத்துவமனை காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது போக்சோ சட்டம். சட்டம் தேவையானதே. ஆனால் வழக்குக்கு அஞ்சிச் சிறுமி மருத்துவமனைக்கே வராதிருந்தால், அவளும் சிசுவும் உயிரை இழக்க நேரலாம். திருமணத்துக்கு முன்னரே பள்ளியில் தக்கவைத்தலும், கருவுற்ற பின் அச்சமின்றி மருத்துவம் கிடைத்தலும் ஒருங்கே நடைபெற வேண்டும்.

மௌனம் சம்மதமாகாது

1960களிலிருந்து பளியர்களிடையே ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர், எவரும் எவரையும் அதட்டாத சமத்துவமும், பூசல் எழுந்தால் மோதாமல் விலகிச் செல்லுதலும் அச்சமூகத்தின் அடிப்படை நெறிகள் எனக் காட்டினார். நம் அலுவலகங்களோ மனு கொடுப்பவருக்கும் மறுபடி வந்து கேட்பவருக்குமே செவிசாய்க்கின்றன. ஒருமுறை அதட்டப்பட்ட தாய் மறுமுறை வரமாட்டார். ‘அவர்களுக்கு ஆர்வமில்லை’ என்று கோப்பு மூடப்படும். மக்கள் தேடி வரட்டும் எனக் காத்திருக்கும் நிர்வாகம், இச்சமூகத்தைப் பொறுத்தவரை மறுக்கும் நிர்வாகமே.

கனடா தரும் பாடம்

கனடாவின் நார்வே ஹவுஸ் கிரீ இனத்தைச் சேர்ந்த ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன் என்னும் சிறுவன், வீடு திரும்பலாம் என மருத்துவர்கள் கூறிய பின்னரும் இரண்டாண்டுகளுக்கு மேல் மருத்துவமனையில் கிடந்தான். வீட்டுப் பராமரிப்புச் செலவை ஒன்றிய அரசு ஏற்பதா, மாகாண அரசு ஏற்பதா என்ற வழக்கே காரணம். 2005இல் ஐந்து வயதில், தன் வீட்டில் ஒருநாளும் வாழாமலே இறந்தான். குழந்தைக்குரிய பணியை முதலில் அணுகப்படும் அரசு உடனே செய்க, செலவுக் கணக்கைப் பின்னர்த் தீர்த்துக்கொள்க என்பதே 2007இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஏற்ற ‘ஜோர்டன் கொள்கை’. 2019ஆம் ஆண்டின் சட்டம், குழந்தை, குடும்ப நலப் பணிகளைத் தாமே நிர்வகிக்கும் பழங்குடிகளின் உரிமையையும் ஏற்றது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024இல் அதனை உறுதிசெய்தது.

வனத்துறை, வருவாய்த்துறை, சமூகநலத்துறை, பழங்குடியினர் நலத்துறை என நான்கு வாயில்களில் நிற்கும் பளியர் தாய்க்கும் இக்கொள்கை தேவை.

முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்

முதலாவதாக, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு எண்ணிக்கை வரம்பைத் தளர்த்தி, குடியிருப்புக்கு ஒரு மையம் என்பதை அளவுகோலாக்க வேண்டும். அம்மையத்தின் பணியாளர் அச்சமூகப் பெண்ணாக இருத்தல் நன்று. இரண்டாவதாக, சான்றிதழ், பிறப்புப் பதிவு, ஆதார் ஆகியவற்றைக் குடியிருப்புக்கே சென்று வழங்கும் முகாம்கள் ஆண்டுதோறும் குறித்த நாளில் நடைபெற வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு குடியிருப்புக்கும் பொறுப்பான ஓர் அலுவலரை ஆட்சியர் பெயர் குறித்து அறிவிக்க வேண்டும். நான்காவதாக, புலம்பெயரும் குழந்தைகளின் பதிவைத் தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

களப்பணிக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாதிப்புற்ற குழந்தையின் பெயரையும் படத்தையும் வெளியிடுதல் இளைஞர் நீதி சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆபத்திலுள்ள குழந்தையைக் கண்டால் 1098 என்னும் எண்ணை அழையுங்கள். கூட்டம் நடத்தும்போது விரைந்து விடை கேட்காதீர்கள். பளியர் குடியிருப்பில் ஒருவர் பேசாமல் எழுந்து சென்றால், அது நமக்கு அவர் தரும் மறுமொழி என்றே கொள்க. மறுநாளும் சென்று, அவர் பேசும்வரை உடனிருங்கள்.