பாளயத்துக்குப் புறம்பே: கொள்ளைநோய்க் கட்டுப்பாடும் தலைமையின் நீதியும்

2020ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திடல் வெறுமையாய்க் கிடந்தது. ஆண்டுதோறும் குதிரைகளும், காங்கேயம் காளைகளும், பர்கூர் மலைமாடுகளும் வந்து நிற்கும் சந்தை அவ்வாண்டு கூடவில்லை. அக்காலத்தில் அப்பகுதிச் சபையொன்றில் ஊழியம் செய்துவந்த நம்மிடம், தறி நெய்து பிழைக்கும் சபை மூப்பர் ஒருவர், "ஏனுங்க ஐயா, சாராயக் கடை தொறந்து கெடக்குது, நம்ம கோயில் மட்டும் பூட்டிக் கெடக்குதே, இது நாயமுங்களா?" என்று கேட்டார். தக்க விடை அன்று நம்மிடம் இல்லை. நோய்க்கிருமியைப்பற்றிச் சில சொற்கள் கூறி அவரை அனுப்பினோம். அவர் கேட்டதோ கிருமியைப்பற்றி அன்று, நீதியைப்பற்றி. இக்கட்டுரை அவருக்குக் காலந்தாழ்த்திக் கூறும் விடை எனலாம்.

கொள்ளைநோய்க் காலத்தில் மக்களைத் தனிமைப்படுத்துவது வேதாகமத்துக்குப் புதியதன்று. எண்ணாகமம் 12ஆம் அதிகாரத்தில் மிரியாம் குஷ்டரோகம் பிடித்து ஏழு நாள் பாளயத்துக்குப் புறம்பே விலக்கிவைக்கப்பட்டாள். அவ்வரலாற்றில் இரு செய்திகள் நம் கருத்துக்குரியன. முதலாவது, மிரியாம் தலைவனாகிய மோசேயின் உடன்பிறந்தாள். ஆயினும் அவளுக்கு விதிவிலக்கு அளிக்கப்படவில்லை. இரண்டாவது, அவள் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்படும்வரை இஸ்ரவேல் மக்கள் பிரயாணம் புறப்படவில்லை. ஆகவே, எக்காலத்துக் கட்டுப்பாட்டையும் நோக்கி நாம் கேட்கத்தக்க கேள்விகள் இரண்டு. விதித்தவர் அதற்குக் கீழ்ப்பட்டாரா? விலக்கிவைக்கப்பட்டவருக்காகச் சமுதாயம் காத்திருந்ததா? இவ்விரு கேள்விகளுடன் நம் நாட்டு வரலாற்றை நோக்குவோம்.

1. ஒரு சட்டத்தின் பிறப்பு

1896ஆம் ஆண்டு செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது. மக்கள் கூட்டங்கூட்டமாய் நகரைவிட்டு ஓடினர்; வாணிபம் தளர்ந்தது; அயல்நாட்டுத் துறைமுகங்கள் இந்தியக் கப்பல்களை ஐயத்துடன் நோக்கின. இந்நிலையில் 1897 பிப்ரவரி 4ஆம் நாள் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. அதில் அடங்கியவை நான்கே பிரிவுகள். நோயைத் தடுக்க அரசாங்கம் எவ்வித நடவடிக்கையும் எடுக்கலாம், மீறுவோர் தண்டனைக்குரியர், நல்லெண்ணத்துடன் செயற்படும் அதிகாரிமேல் வழக்குத் தொடர இயலாது. அதிகாரியின் பாதுகாப்பு ஒரு பிரிவாக அமைந்தது. நோயாளியின் பாதுகாப்பைப்பற்றிப் பிரிவு ஏதும் இல்லை. 123 ஆண்டுகளுக்குப்பின், 2020இல், இதே சட்டமே நம்மேல் பிரயோகிக்கப்பட்டது.

அச்சட்டத்தின் கடுமையை முழுமையாக உணர்ந்த நகரம் பூனா. அங்கு பிளேக் குழுவின் தலைவராக வால்ட்டர் சார்லஸ் ராண்ட் என்னும் அதிகாரி நியமிக்கப்பட்டார். படைவீரர் வீடுவீடாய்ப் புகுந்து நோயாளிகளைத் தேடினர். பூசையறையென்றும் பெண்கள் அறையென்றும் வேறுபாடு காட்டப்படவில்லை என்று மக்கள் முறையிட்டனர். நோயுற்றோர் மருத்துவமனைக்கும், அவர்தம் குடும்பத்தார் தனிமை முகாமுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர், உடைமைகள் எரிக்கப்பட்டன. நோயை ஒடுக்கும் நோக்கம் நேர்மையானதாயிருந்திருக்கலாம். ஆனால் மக்களின் நம்பிக்கையைப் பெறவேண்டும் என்னும் எண்ணம் ஆளுவோருக்குத் தோன்றவில்லை. 1897 ஜூன் 22ஆம் நாள், விக்டோரியா மகாராணியாரின் வைரவிழா இரவில், சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். அவருடன் லெப்டினன்ட் அயர்ஸ்ட் என்பவரும் மாண்டார். கொலையை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. ஆயினும் அச்சத்தினால் மட்டும் நடத்தப்படும் கட்டுப்பாடு எங்கு போய் முடியும் என்பதற்கு அந்த இரவு சான்றாய் நிற்கிறது.

2. பூனாவின் சாட்சிகள்

அக்காலத்து வாதம் ஆளுவோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே மட்டும் நிகழ்ந்ததன்று. யார் தலைவர் என்னும் வினாவும் அதில் அடங்கியிருந்தது. வசதியுள்ளோர் பலர் நகரைவிட்டு நீங்கியபோது பாலகங்காதர திலகர் பூனாவிலேயே தங்கி, இந்துக்களுக்கென ஒரு பிளேக் மருத்துவமனை ஏற்படுவதற்கு உழைத்தார். தமது 'கேசரி' இதழில் அரசாங்கத்தின் முறைகளைக் கண்டித்தும் எழுதினார். அவ்வாண்டே இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். சாவித்திரிபாய் புலே அம்மையார் தம் வளர்ப்பு மகனாகிய மருத்துவருடன் சேர்ந்து நோயாளிகளுக்குப் பணிசெய்து, தாமே நோயுற்று, 1897 மார்ச் 10ஆம் நாள் உயிர்நீத்தார்.

கிறிஸ்தவராகிய நாம் மறத்தலாகாத பெயர் பண்டித ரமாபாய். பஞ்சத்தினால் ஆதரவற்ற பெண்பிள்ளைகளை அவர் அப்பொழுது சேர்த்துக் காப்பாற்றி வந்தார். பிளேக் மருத்துவமனையிலும் முகாமிலும் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்று 1897 மே மாதத்தில் 'பம்பாய் கார்டியன்' என்னும் கிறிஸ்தவ இதழுக்கு அவர் எழுதினார். அரசாங்கம் அக்குற்றச்சாட்டை மறுத்தது. ஆளுவோரும் கிறிஸ்தவர், அருட்பணி இயக்கங்களுக்கு அவர்தம் தயவு தேவையாயிருந்த காலம் அது. அக்காலத்தில் ஒரு கிறிஸ்தவப் பெண் தம் பிள்ளைகளுக்காக அவர்களுக்கெதிரே வாய்திறந்தார். நம் திருச்சபை வரலாற்று நூல்கள் அவருடைய மனமாற்றத்தையும் முக்தி சபையையும் விரிவாய்க் கூறுகின்றன. இக்கடிதத்தைப்பற்றிக் கூறுவது அரிது.

அவ்வாண்டில் இங்கிலாந்திலிருந்த கோபால கிருஷ்ண கோகலே, பூனாவிலிருந்து தமக்கு வந்த கடிதங்களை நம்பி, படைவீரர் பெண்களை மானபங்கப்படுத்தினர் என்று ஆங்கில இதழொன்றில் கூறினார். நாடு திரும்பியபின் அதற்குச் சான்று காட்ட இயலாமற்போகவே, வெளிப்படையாய் மன்னிப்புக் கேட்டார். கோழை என்று ஏசப்பட்டார். ஆயினும் மெய்ப்பிக்க முடியாததைத் திரும்பப் பெறுவதும் தலைமையின் நேர்மையே. ரமாபாயின் துணிவும் கோகலேயின் ஒப்புக்கொள்ளுதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இன்னுமொரு காட்சி. பம்பாயில் பிளேக் தடுப்பு மருந்தை உருவாக்கிய வால்டிமர் ஹாஃப்கின், 1897 ஜனவரி 10ஆம் நாள் அதனைத் தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்டார். பிறர்மேல் வைக்கவேண்டிய ஊசியைத் தம்மேல் வைத்துப் பார்த்த அம்மனிதருக்கும், பிறர் வீட்டுக் கதவை உடைப்பித்த ராண்டுக்கும் உள்ள வேற்றுமையே நம் முதற்கேள்வியின் சாரம். நாளடைவில் அரசாங்கமும் பாடங்கற்றது. பலாத்காரம் குறைந்து இணக்கத்தை நாடும் முறை வந்தது. ஆனால் நோய் ஓயவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று.

3. கொங்கு நாட்டில்

நம் பகுதியும் தப்பவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோயம்புத்தூர் நகரைப் பிளேக் மீண்டும் மீண்டும் தாக்கியது. மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே குடிசைகளில் தங்கினர். பிளேக் மாரியம்மன் என்னும் பெயருடன் இன்றும் அங்கு கோயில்கள் இருப்பது அந்த அச்சத்தின் நினைவே. நெருக்கமான பழைய தெருக்களைவிட்டு மக்கள் காற்றோட்டமான இடத்தில் குடியேறும்பொருட்டு, நகரமன்றத் தலைவர் இரத்தினசபாபதி முதலியார் பெயரால் ஆர்.எஸ். புரம் எழுந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் அகன்ற தெருவில் மனை வாங்க வசதியுள்ளவனுக்கே அக்காற்று கிடைத்தது.

சென்னை மாகாண ரயில் நிலையங்களில், நோய் கண்ட ஊர்களிலிருந்து வருவோருக்குப் 'பிளேக் பாஸ்போர்ட்' என்னும் சீட்டு வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர் குறித்த நாள்வரை அதிகாரியிடம் தம்மைக் காட்டவேண்டும். சோதனையின் கடுமை மூன்றாம் வகுப்புப் பயணிகள்மேலேயே விழுந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற ஏழைத் தொழிலாளரோ மண்டபம் முகாமில் நிறுத்திவைக்கப்பட்டே கடல் கடந்தனர். நோய் சாதியையும் செல்வத்தையும் பாராது என்பர். கட்டுப்பாடு அவ்விரண்டையும் பார்த்தது.

4. 2020

மார்ச் 22ஆம் நாள் முடக்கத்துக்கென மத்திய அரசு குறித்த 75 மாவட்டங்களில் தமிழகத்தில் மூன்று இருந்தன: சென்னை, காஞ்சிபுரம், ஈரோடு. ஈரோட்டுக்கு வந்திருந்த தாய்லாந்து நாட்டவர் இருவருக்கு நோய் உறுதியானதே காரணம். அச்செய்தி பரவியதும், நோய்க்கு ஒரு மதத்தின் பெயரைச் சூட்டும் பேச்சு நம் தெருக்களிலும் எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக் கூட்டத்துக்கு வந்த அயல்நாட்டவர் பலியாடுகளாக்கப்பட்டனர் என்று கண்டு வழக்குகளைத் தள்ளிற்று. பலியாடு என்பது என்ன என்று லேவியராகமம் படித்த நாம், அந்நாளில் அப்பேச்சைத் தடுக்கப் பிரசங்க பீடத்திலிருந்து என்ன சொன்னோம்?

மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிக்கப்பட்ட நாடு தழுவிய ஊரடங்கு நான்கு மணி நேரத்தில் நடைமுறைக்கு வந்தது. வீடுள்ளவனுக்கு அது வீட்டிலிரு என்னும் கட்டளை. வேலையிடத்திலேயே உறங்கிய வடநாட்டுத் தொழிலாளிக்கு அது கூலியும் கூரையும் இல்லாதிரு என்னும் கட்டளை. சிறப்பு ரயில்கள் மே 1ஆம் நாள்தான் ஓடத் தொடங்கின. அதற்குப் பின்னும் மே 8 அதிகாலை, ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் களைத்துறங்கிய 16 தொழிலாளர் சரக்கு ரயிலில் அரைபட்டு மாண்டனர். மிரியாமுக்காகக் காத்திருந்த மக்களைப்போல் நாடு இவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

தமிழக அரசு ஒவ்வொரு அரிசி அட்டைக்கும் 1000 ரூபாயும் விலையில்லா அரிசியும் வழங்கியது மெய். பெருந்துறை மருத்துவமனைப் பணியாளரின் உழைப்பினால் ஏப்ரல் இறுதியில் ஈரோடு மாவட்டம் அந்நோயாளிகள் இல்லாத நிலையை எட்டியதும் மெய். ஆனால் மே 7இல் மதுக்கடைகள் திறக்கப்பட்டன. மறுநாளே உயர்நீதிமன்றம் மூடச்சொல்லியும், உச்சநீதிமன்றத்தின் தடையாணை பெற்று மே 16 முதல் மீண்டும் திறந்தன. சிறிய கிராமக் கோயில்கள் ஜூலை வரையிலும், ஏனைய வழிபாட்டிடங்கள் செப்டம்பர் வரையிலும் காத்திருந்தன. மூப்பர் கேட்ட கேள்வி இங்கிருந்தே பிறந்தது. ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில், கடையை நேரங்கடந்து திறந்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் காவல்நிலையம் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும், அடியுண்டு மாண்டனர். 1897இன் நான்கு பிரிவுகளோடு அவற்றின் மனப்பான்மையும் உயிரோடிருந்தது.

இது நம் நாட்டின் குறை மட்டுமன்று. இங்கிலாந்தில் பிரதமர் போரிஸ் ஜான்சன், தாம் விதித்த கட்டுப்பாட்டைத் தம் அலுவலகத்திலேயே மீறியதற்காக 2022இல் அபராதம் செலுத்தினார். 2021 ஏப்ரலில் அந்நாட்டு அரசியோ தம் கணவரின் அடக்க ஆராதனையில் தனியே அமர்ந்திருந்தார். மக்கள் இரண்டையும் கண்டனர். எது தலைமை என்று அறிந்துகொண்டனர்.

5. நம் வீட்டுக் கணக்கு

திருச்சபை பிறரை நியாயந்தீர்க்குமுன் தன் ஏட்டைத் திறக்கவேண்டும். 1543இல் ஜெனீவா நகரில், பிளேக் மருத்துவமனைக்கு மனமுவந்து சென்ற பியேர் பிளான்ஷே என்னும் ஊழியர் மரித்தபின், ஏனைய ஊழியர் நகரமன்றத்தின் முன் நின்று, அது தங்கள் கடமையே ஆயினும் அதற்கான மனவலிமையைத் தேவன் தங்களுக்கு அருளவில்லை என்று ஒப்புக்கொண்டனர். சீர்திருத்தத்தின் தலைநகரில் நிகழ்ந்தது இது. 1666இல் ஆங்கிலேயச் சிற்றூரான ஈயமில், வில்லியம் மாம்பெசன் என்னும் குருவானவர், நோய் அயலூர்களுக்குப் பரவாதபடி ஊரார் தம் எல்லையைத் தாண்டாதிருக்க இசைவித்தார். தம் பிள்ளைகளை அதற்குமுன்பே வெளியூருக்கு அனுப்பிவிட்டார். அவருடைய மனைவியோ உடனிருந்து நோயாளிகளைக் கவனித்து, அவ்வாண்டு ஆகஸ்டில் மரித்தார். ஒரே வீட்டில் விதிவிலக்கும் தியாகமும் ஒன்றாயிருந்தன.

2021 ஏப்ரலில் தென்னிந்தியத் திருச்சபையின் தென் கேரளப் பேராயம் மூணாறில் போதகர் கூடுகையை நடத்தியது. நூற்றுக்கணக்கானோர் கூடினர், பலர் நோயுற்றனர், சிலர் மரித்தனர், காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. மரித்த உடன் ஊழியருக்காக நாம் அழுகிறோம். ஆயினும் சபைகளைக் கூடாதிருக்கச் சொன்ன நாளில் மேய்ப்பர் கூடியதற்கு, ஆடுகள் காரணங்கேட்டால் என்ன கூறுவோம்?

பிறரைச் சொல்லி நாம் தப்புவது முறையன்று. 2020 ஜூலையில் குடும்பக் காரியமாக மாவட்டம் கடக்க நமக்கு இ-பாஸ் தேவைப்பட்டது. தெரிந்தவர் ஒருவர்மூலம் ஒரே நாளில் அது கிடைத்தது. அதே வாரத்தில், திருப்பூர் பனியன் கம்பெனியொன்றில் வேலைசெய்து காய்ச்சலில் கிடந்த மகனைக் காணவேண்டி, நம் சபைத் தாயார் ஒருவர் பக்கத்து வீட்டாரின் கைப்பேசியில் மும்முறை விண்ணப்பித்தார்; மும்முறையும் மறுக்கப்பட்டது. மகன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தத் தாயார் நம்மிடம் வந்து ஜெபிக்கச் சொன்னபோது, நாம் ஜெபித்தோமேயன்றி, நமக்கு உதவிய அதே மனிதரிடம் அவருக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நமக்குக் கிடைத்த சீட்டை ஆண்டவருடைய தயவு என்று அன்று சாட்சி கூறினோம். இன்று அப்படிக் கூறத் துணியோம்.

6. முடிவுரை

ஆகவே மூப்பருக்கு நாம் கூறத்தக்க விடை இது. கோயில் பூட்டிக்கிடந்தது அநீதியன்று. அயலானின் உயிருக்காக வழிபாட்டை விட்டுக்கொடுப்பதும் வழிபாடே. கடைக்கு ஒரு நீதியும் கோயிலுக்கு ஒரு நீதியும் இருந்தது அநீதி. அதைக் காட்டிலும் பெரிய அநீதி, அறிமுகமுள்ளவனுக்குத் திறந்த வழி இல்லாதவனுக்கு அடைபட்டிருந்தது. அவ்வழியில் மேய்ப்பனும் நடந்தான்.

தாவீது ஜனத்தை எண்ணியதால் வந்த கொள்ளைநோயில் எழுபதினாயிரம்பேர் மடிந்தபோது, அந்த அரசன் கேட்டது தனக்கு விதிவிலக்கை அன்று. தேவனுடைய கரம் தன்மேலும் தன் வீட்டின்மேலும் இருக்கட்டும் என்றே மன்றாடினான். அர்வனாவின் களத்தை இலவசமாய்ப் பெறவும் அவன் உடன்படவில்லை. விலை கொடுத்தே வாங்கினான். இன்னொரு கொள்ளைநோய் வருமா என்பது நம் கையிலில்லை. வருமானால், நம் சபை எல்லைக்குள் சீட்டில்லாதவர், கைப்பேசியில்லாதவர், கூரையில்லாதவர் யார் யார் என்னும் பட்டியல் அன்று தேடப்படக்கூடாது. இன்றே ஒவ்வொரு சபைப் பதிவேட்டிலும் இருக்கவேண்டும். அவர்களைச் சேர்த்துக்கொள்ளுமட்டும் பாளயம் புறப்படலாகாது.