புகையால் எழுந்த திரை

ஒசூர் சிப்காட்டை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் பல மாவட்டத்துக்காரர்களும் பிழைப்புக்காக வந்து குடியிருக்கிறார்கள். இத்தகைய ஊர்களில் கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தே சபையாரும் அடுத்தடுத்த வீடுகளில் வசிப்பது சகஜம். திருப்பலியில் சாம்பிராணி போடுவது முன்னவருக்கு வேதம் சொன்ன முறை. பின்னவரில் பலருக்கோ இந்துக் கோயிலிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். இருவரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. பழைய ஏற்பாட்டில் தூபத்தின் முதல் பொருள் நறுமணமும் அல்ல, ஜெபமும் அல்ல. கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவே உள்ள எல்லை.

யாத்திராகமம் 30ஆம் அதிகாரம் நான்கு பொருள்களைச் சம எடையில் கலக்கச் சொல்கிறது. அதே கலவையைத் தன் வீட்டில் முகர்ந்து மகிழச் செய்துகொள்பவன் ஜனத்திலிருந்து அறுப்புண்டு போவான். மணம்தான் நோக்கம் என்றால் இவ்வளவு கடுமை எதற்கு? ஆண்டுக்கொருமுறை மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழையும் பிரதான ஆசாரியன் சாகாமலிருக்க, தூபமேகம் கிருபாசனத்தை மூடவேண்டும் என்கிறது லேவியராகமம் 16. அதாவது, புகை அங்கே ஒரு திரை. ஆசாரியன் ஆரோனை எதிர்த்த கோராகோடு சேர்ந்து தூபம் காட்டிய 250 பேர் எரிந்துபோனார்கள். அரசன் உசியா தூபம் காட்டும் ஆசாரியரின் வேலையில் கைவைத்துக் குஷ்டரோகியானான். 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ், பலிகளின் நாற்றத்தைப் போக்கவே தூபம் என்றார். நடைமுறைக்கு நல்ல விளக்கம்தான். ஆனால் நாற்றம் போக யார் போட்டால் என்ன? உசியாவின் கதைக்கு அதில் பதில் இல்லை.

141ஆம் சங்கீதம் ஜெபத்தைத் தூபத்தோடு ஒப்பிடுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அங்கே ஜெபம்தான் தூபத்தின் இடத்தைக் கேட்கிறது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்தபின் அந்த உவமையே நிலைத்தது. வெளிப்படுத்தின விசேஷம் பொற்கலசத் தூபத்தைப் பரிசுத்தவான்களின் ஜெபம் என்றே சொல்கிறது. அப்படியானால் ஆதிச் சபை ஏன் சாம்பிராணியை ஒதுக்கியது? ரோமில் அது தேவர்களுக்கும் பேரரசனுக்கும் காட்டும் விசுவாசம். 250இல் பேரரசன் தேசியுஸ் எல்லோரையும் பலியிடச் சொன்னபோது, தூபம் மட்டும் போட்டுத் தப்பியவர்களையும் சபை விழுந்துபோனவர்களாகவே எண்ணியது. துன்புறுத்தல் ஓய்ந்த பிறகு, 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்கு யாத்திரை வந்த எகேரியா என்ற பெண், கல்லறைக் கோயிலுக்குள் தூபக்கலசங்கள் வருவதைப் பதிவு செய்திருக்கிறார். ஆகவே, தூபம் போடாத சபைக்கு முதல் மூன்று நூற்றாண்டுகள் துணை நிற்கின்றன. ஆனால் தூபத்தை நம்மூர்க் கோயிலிலிருந்து வந்த கடன் என்பது வரலாறு அல்ல. மோசேயின் கட்டளை என்று சாதிப்பதும் செல்லாது. அந்தக் கட்டளை ஆரோனின் வம்சத்துக்கு மட்டுமே தரப்பட்டது.