லயத்தின் மடி

"தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகள்மேல் அக்கறை இல்லை." ஆசிரியர்கள் கூடுமிடங்களில் அடிக்கடி ஒலிக்கும் வாசகம் இது. வரவு இடாப்பில் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே நாட்கணக்கில் வெறுமை நீளும்போது நாமும் இதைச் சொல்லியிருக்கிறோம். ஆயினும், அக்கறைக்கும் ஒரு பொருளாதாரம் உண்டு. பிள்ளையைப் பேண நேரம் வேண்டும். வயிற்றுக்குச் சோறு வேண்டும். இடர் வந்தால் சொல்லி ஆற ஒருவர் வேண்டும். ஊவாத் தோட்டங்களில் இவை எவ்வளவு கிடைத்தன என்று சரித்திரத்தைக் கேட்டபின் தீர்ப்புச் சொல்வதே நேர்மை.

கோப்பிப் பயிரை இலைநோய் அழித்தபின், 1880களில் தேயிலை மலைநாடெங்கும் பரவியது. கோப்பிக்குப் பருவகால ஆட்கள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். ஆகவே தோட்ட முதலாளித்துவம் தமிழகத்திலிருந்து குடும்பங்களையே வரவழைத்துக் குடியேற்றியது. 1890இல் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்ன தோட்டத்தை வாங்கினார். 1924இல் புகையிரதம் பதுளையை எட்டியது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு விரைந்தன. அக்கொழுந்தைப் பறித்தவளின் கைக்குழந்தை பகல் முழுவதும் யார் மடியில் கிடந்தது?

விடியும் வேளையில் அவள் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைய பேர் இல்லை. நோயுற்ற பிள்ளையோடு வீட்டில் தங்கினால் அடுப்பு எரியாது. வேலைக்குப் போனால் பிள்ளைக்கு ஆளில்லை. பிள்ளைக்காம்பரா இந்த இக்கட்டுக்குத் துரைத்தனம் கண்ட விடை. தாயின் கைகள் மலையில் தடையின்றி இயங்க வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பிள்ளை பெற்றவளுக்குச் சிறிது மூச்சுவிட இடமளித்தது. அதன்பின் அவள் மீண்டும் மலையேற வேண்டியவளே.

இவற்றுக்கு அப்பால் பிள்ளைகளைக் காத்தது எது? லயக்காம்பராவின் இழிநிலை பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஒரே கூரையின்கீழ் வரிசையாக அடைத்த சிற்றறைகள். ஓர் அறையில் ஒரு குடும்பம். அந்த நெருக்கடிக்குள்ளும் மனிதர் தமக்கென ஓர் ஏற்பாட்டைப் படைத்துக்கொண்டனர். ஒரே கங்காணியின்கீழ் வந்தவர்கள் பெரும்பாலும் உறவினர் அல்லது ஊரவர். மலையேற இயலாத பாட்டி தன் பேரனோடு அடுத்த காம்பராப் பிள்ளையையும் பார்த்துக்கொண்டாள். பால் வற்றிய தாயின் சிசுவை அண்டை வீட்டுப் பெண் மடியில் வாங்கினாள். தகப்பன் குடித்துவிட்டு வந்த இரவில் பிள்ளைகள் அடுத்த காம்பராவில் உறங்கினர். பீலிக்கரையில் குடம் நிரம்பும் வரையில் பெண்கள் ஒருத்திக்கொருத்தி துயரம் பரிமாறினர்.

இதைப் பொற்காலமென்று நாம் பாடவில்லை. சாதி அந்தக் கூரையின்கீழும் கோடு கிழித்தது. கண்ணெதிரே அடிபட்ட பிள்ளைக்காக வாய் திறவாதோரும் இருந்தனர். தம்பியை இடுப்பில் சுமந்த அக்காளின் படிப்பே பலவேளை இந்த ஏற்பாட்டின் விலையாயிற்று. எனினும் ஏழைத் தாயொருத்தி தன் பாரத்தைத் தனித்தே சுமக்கும்படி லயம் பெரும்பாலும் விடவில்லை.

அந்த ஏற்பாட்டைக் குலைத்தது அரசியல். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் பாதிபாதியாகப் பங்கிட்டன. ஒரு மகனோடு பாட்டி தலைமன்னாருக்குக் கோச்சி ஏறினாள். மற்ற மகனின் பிள்ளைகள் பாட்டியின்றி லயத்தில் நின்றனர். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் தோட்டங்களைக் கொடுமையாகத் தாக்கியது. 1980களுக்குப் பின் மத்திய கிழக்கின் வீட்டுவேலை தாய்மாரையும் அழைத்தது. முன்பு பாட்டி போனாள். பின்பு தாயும் போனாள்.

2013இல் அரசு ஒரு விதி செய்தது: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு செல்லலாகாது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. பிள்ளையின் நலன் கருதிய விதிதான். ஆனால் அவள் ஏன் போகிறாள் என்று அது கேட்கவில்லை. விசாரணைக்கு நிறுத்தப்பட்டவள் தாய் ஒருத்தியே.

நாமும் அவ்வாறே விசாரித்திருக்கிறோம். ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில், பிள்ளையை மறித்து வைப்பதன் தீமையை நெடுநேரம் விளக்கினோம். தாய்மார் தலைகுனிந்து இருந்தனர். அப்பொழுது பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள்: "நானும் எம் மகள ஆறு மாசம் நிறுத்தி வச்சிருந்தேங்க. சின்னதப் பாக்க ஆளில்ல." அடுத்திருந்தவள் தன் கதையைத் தொடங்கினாள். பிறகு பேச்சு நில்லாது ஓடியது. கூட்டம் கலையுமுன், யார் பிள்ளையை யார் பார்ப்பது என்று ஒரே லயத்து மூவர் முடிவு செய்துவிட்டனர். நம் சொற்பொழிவு சாதிக்காததை "நானும்" என்ற ஒரு சொல் சாதித்தது. குற்றஞ்சாட்டுபவரின் முன் தாய் மறைக்கிறாள். தன்னையொத்தவளின் முன் மனந்திறக்கிறாள்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. இந்தியாவில் ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் ஆதிவாசிக் கிராமங்களில் 'ஏக்ஜுட்' என்ற அமைப்பு 2005 முதல் 2008 வரை பெண்கள் குழுக்களைக் கூட்டியது. உள்ளூர்ப் பெண் ஒருத்தி கூட்டத்தை நடத்துவாள். கதை சொல்லி, படங்காட்டி, இடர்களைத் தாமே வரிசைப்படுத்தித் தீர்வு தேடுவர். குழுக்கள் இல்லாத பகுதிகளைவிட அங்கே பச்சிளங் குழந்தைகளின் மரணம் 32 வீதம் குறைந்திருந்ததாக 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. மூன்றாம் ஆண்டில் தாய்மாரின் மனச்சோர்வும் தணிந்திருந்தது. கவனிப்பாரற்ற பிள்ளையின் பின்னால் பெரும்பாலும் கவனிப்பாரற்ற தாயொருத்தி நிற்கிறாள் என்பதை இது தெளிவாக்குகிறது.

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. ஏழைகள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வது, நிர்வாகமும் அரசும் கைகழுவுவதற்குச் சாக்காகக் கூடாது. 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. யார் ஆண்டாலும் நல்ல பிள்ளைக்காம்பராவும், மருத்துவிச்சியும், வயிறு நிறையும் சம்பளமும் தொழிலாளியின் உரிமை. அவ்வுரிமையைக் கேட்கவும் கூடியிருத்தல் வேண்டும். 1940இல் பதுளையின் வெவெஸ்ஸ தோட்டத்தில், தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த சபையோடு பேசத் துரை இணங்க நேர்ந்தது. கூலிக்காகக் கூடத் தெரிந்த மக்கள் பிள்ளைக்காகவும் கூடுவர்.

ஆசிரியராகிய நாம் செய்யக்கூடியது சிறிது, ஆனால் செய்யக்கூடியதே. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை ஒரு வகுப்பறையைத் தாய்மாருக்கும் தந்தையருக்கும் திறந்துவைப்போம். அன்று நாம் பேசாதிருப்போம்.