போதைப்பொருளுக்கு எதிராக உலகமே ஒன்று சேர்ந்தாச்சு; செலவுக்கு யார் காசு தர்றது?

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் சுமார் 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. டால்க் கல் என்ற பெயரில் ஆப்கானிஸ்தானிலிருந்து கிளம்பி, ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகம் வழியாக வந்த சரக்கு அது. இத்தனை எல்லை தாண்டி வரும் சரக்கை ஒரே ஒரு நாட்டின் போலீஸால் மட்டும் தடுத்துவிட முடியுமா? முடியாது. அதற்காகத்தான் ஐநாவின் மூன்று உடன்படிக்கைகள் இருக்கின்றன: 1961, 1971, 1988. நம்ம ஊர் என்டிபிஎஸ் சட்டம் (1985) இருப்பதற்கும் இந்த உலக ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

கொள்கையை முடிவு செய்வது வியன்னாவில் கூடும் 53 நாடுகளின் போதைப்பொருள் ஆணையம். களத்தில் வேலை செய்வது யுஎன்ஓடிசி எனப்படும் ஐநா அலுவலகம். சரி, அதற்குப் பணம்?

இங்கேதான் சிக்கல். ஐநாவின் வழக்கமான பட்ஜெட்டிலிருந்து இந்த அலுவலகத்துக்கு வருவது அதன் மொத்த நிதியில் 10 சதவீதத்துக்கும் குறைவு. மீதி எல்லாம் நாடுகள் விருப்பப்பட்டுத் தருவது. அதிலும் பெரும்பகுதி 'இந்த நாட்டில், இந்தத் திட்டத்துக்கு மட்டும்' என்ற நிபந்தனையோடு வருகிறது. ஆபீஸ் பாஷையில் சொன்னா, கிளையன்ட் ப்ராஜெக்டுக்குப் பணம் இருக்கு, கரண்ட் பில் கட்டத்தான் காசு இல்ல. எங்கே பிரச்சினை பெரிது என்பதைவிட, பணம் தரும் நாட்டுக்கு எது கவலையோ அதுவே முன்னுரிமை ஆகிவிடுகிறது.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள ஆப்கானிஸ்தானைப் பார்க்கலாம். 2022 ஏப்ரலில் தாலிபான் அரசு ஓப்பியம் பயிருக்குத் தடை போட்டது. 2023இல் சாகுபடிப் பரப்பு 2,33,000 ஹெக்டேரிலிருந்து 10,800 ஹெக்டேராகச் சரிந்தது என்று யுஎன்ஓடிசி கணக்கிட்டது. கேட்க வெற்றி மாதிரிதான் இருக்கும். ஆனால் ஓப்பியம் விற்று விவசாயிகளுக்குக் கிடைத்த வருமானம் ஒரே வருடத்தில் சுமார் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடி டாலராக விழுந்தது. பலர் கோதுமைக்கு மாறினார்கள். அதில் ஓப்பியம் அளவுக்குக் காசு கிடையாது. மாற்று வாழ்வாதாரத்துக்கு வெளியிலிருந்து பணம் வேண்டும். தாலிபான் ஆளும் நாட்டுக்குப் பணம் தர மேற்கு நாடுகளுக்குத் தயக்கம். அதே 2023இல் மியான்மர் உலகின் முதலிடத்து ஓப்பியம் உற்பத்தியாளர் ஆனது. அது நமக்கு மணிப்பூர், மிசோரம் பக்கத்து எல்லை என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு பக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை: இந்த அமைப்பு தடுப்பதற்கு மட்டுமல்ல, மருந்து கிடைக்கச் செய்வதற்கும்தான். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் மத்திய அரசின் உரிமத்தோடு ஓப்பியம் பயிராகிறது. ஒவ்வொரு நாடும் தன் மார்ஃபின் தேவையைக் கணக்கிட்டு, 13 உறுப்பினர் கொண்ட சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைத் தாண்டி இறக்குமதி செய்ய முடியாது. உலகில் மார்ஃபினின் பெரும்பங்கு பணக்கார நாடுகளில்தான் பயன்படுகிறது. ஏழை நாடுகளின் புற்றுநோயாளிகள் வலியோடு இருக்கிறார்கள். தேவையைச் சரியாகக் கணக்கிட அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவது பெரிய செலவே இல்லை. ஆனால் பிடிபட்ட சரக்கின் போட்டோ மாதிரி இதை யாரும் செய்தியில் காட்ட முடியாது. நன்கொடையாளர்களின் ஆர்வமும் அப்படித்தான் என்று தோன்றுகிறது.

2025இல் நிலைமை இன்னும் இறுகியது. ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. யுஎன்ஓடிசிக்கு அதிகம் தரும் நாடுகளில் அதுவும் ஒன்று. உறுப்பு நாடுகள் சந்தாவை நேரத்துக்குக் கட்டாததால் ஐநாவே கைக்காசு இல்லாமல் தவித்தது.

அதே ஆண்டு மார்ச்சில், கொலம்பியா முன்வைத்த ஒரு தீர்மானம் வியன்னாவில் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அமெரிக்கா அதை எதிர்த்தது. இருக்கும் கட்டுப்பாட்டு முறையை மறுபரிசீலனை செய்ய ஒரு சுயேச்சை நிபுணர் குழு அமைப்பதுதான் தீர்மானம். அதுவும் வழக்கமான பட்ஜெட்டில் வராது. அதற்கும் நாடுகள் தனியாகப் பணம் தர வேண்டும்.