நாடாத் தறி

நாடாத் தறி என்பது, ஒரே சட்டத்துக்குள் பல நாடாக்களை அருகருகே ஏற்றி, ஒருவருடைய உழைப்பைக் கொண்டே அவை யாவற்றையும் ஒருங்கே நெய்து முடிக்கும் யந்திரமாகும். அகன்ற துணியிலிருந்து கீறியெடுத்த கீற்று நாடா ஆகாது. குறுக்கே ஓடும் ஊடை நூல் இரு ஓரங்களிலும் மடங்கித் திரும்பிப் பிரியாத கரை கட்டியிருப்பதே நாடாவின் இலக்கணம். ஆகையால் எத்தனை நாடாக்கள் தறியில் ஏறுகின்றனவோ அத்தனை ஊடைகளும், அவற்றைச் சுமக்க அத்தனை ஓடங்களும் வேண்டியிருக்கின்றன. அந்த ஓடங்களை ஓட்டுவது எவ்வாறு என்ற ஒரு வினாவுக்கு மூன்று நூற்றாண்டுகளாகக் கண்ட விடைகளே இத்தறியின் அபிவிருத்தி. தமிழ்நாட்டு நெசவாளரிடையே ஓடத்துக்கே நாடா என்ற பெயர் வழங்குவதுண்டு. விசைநாடா என்ற சொல் அவ்வழக்கில் பிறந்ததே. குழப்பம் நேராதிருக்க, இக்கட்டுரையில் நாடா என்றது நெய்து வரும் பொருளையும், ஓடம் என்றது ஊடையைக் கொண்டு செல்லும் கருவியையும் மட்டுமே குறிக்கும்.

அமைப்பு

சாதாரணக் கைத்தறியில் இரண்டு விரல் அகலமுள்ள நாடாவை நெய்கிறவன், இரண்டு முழ அகலமுள்ள ஆடையை நெய்கிறவனைப் போலவே மிதிகட்டையை மிதிக்க வேண்டும், ஓடத்தை ஒரு கையால் விட்டு மறு கையால் வாங்க வேண்டும், அச்சுப்பலகையை இழுத்து அடிக்க வேண்டும். பிரயாசை ஏறக்குறைய ஒன்றாயிருக்க, பயனோ அற்பமாகிறது. வெற்றிடமாகக் கிடக்கும் அகலத்தில் இன்னும் ஐந்தாறு பாவுகளை, அதாவது நெடுக்கு இழைகளின் தொகுதிகளை, ஏற்றினால் என்ன என்ற எண்ணம் எவருக்கும் தோன்றக்கூடியதே. பாவு இழைகள் கோத்த விழுதுகளை ஏற்றியிறக்கும் மிதிகட்டையும், ஊடையை நெருக்கி அடிக்கும் அச்சுப்பலகையும் எத்தனை பாவுகளுக்கும் பொதுவாக நின்று வேலை செய்யும். ஆனால் இரண்டே கைகள் படைத்த மனிதன் ஆறு ஓடங்களை எறிந்து பிடிப்பது எங்ஙனம்?

இவ்விடத்தில்தான் இத்தறியைக் கண்டவனின் மேதை வெளிப்படுகிறது. ஓடத்தை எறிய வேண்டியதில்லை, தள்ளினாலே போதும் என்று அவன் கண்டான். நாடா குறுகலானது, ஓடத்தை அதைவிட நீளமாகச் செய்து கொள்ளலாம். அவ்வாறு செய்தால், ஓடத்தின் முன்முனை பாவின் திறப்புக்குள் புகுந்து அப்புறத்துக் காடியை எட்டிய பிறகே அதன் பின்முனை இப்புறத்துக் காடியை விட்டு நீங்கும். அகன்ற துணியில் ஓடம் நடுவழியில் ஒருவர் பிடியிலும் இல்லாமல் தானே பறந்து செல்ல வேண்டும். நாடாவிலோ அது ஒரு கணமும் பிடியற்று இருப்பதில்லை. ஜான் கே 1733-ல் விசைநாடா என்னும் விசையால் பாயும் ஓடத்தை அமைக்கும் வரை அகன்ற தறியில் ஓடத்தை ஓட்டுவது கையின் தொழிலாகவே இருந்ததற்கும், நாடாத் தறி அவரை ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் முந்திக் கொண்டதற்கும் காரணம் இதுவே.

தறியின் பின்புறத்தில் ஒவ்வொரு நாடாவின் பாவும் தனித்தனி உருளையில் சுற்றப்பட்டு, அதனதன் பளுவால் தொய்யாமல் இழுத்து நிறுத்தப்படுகிறது. ஒரு நாடாவின் பாவு விரைந்து தீர்ந்தாலும் மற்றவற்றுக்குப் பங்கம் வருவதில்லை. அச்சுப்பலகையின் நீளம் முழுவதும், நாடாக்களுக்கு இடையிடையே ஓடங்களுக்கான காடிகள் வெட்டப்பட்டிருக்கும். ஓர் ஓடம் தன் நாடாவைக் கடந்தவுடன், அதற்கு அடுத்த ஓடம் அப்போதுதான் காலி செய்துவிட்டுப் போன இடத்தில் சென்று தங்கும்; எல்லாம் ஒரே திசையில், ஒரே கணத்தில், ஒரே அளவு நகர்வதால் முட்டுக்கு இடமில்லை. ஓடத்துக்குள் ஊடை சுற்றிய தாரிலிருந்து வரும் நூல் தளர்ந்து, கரையில் கண்ணி விழக்கூடும். அதைத் தடுக்க, தளர்ந்த நூலைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் சிறு வில்லொன்று ஓடத்துக்குள்ளேயே அமைக்கப்பட்டது. பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இந்த வில் இல்லாவிடில் நேரான கரையுள்ள பட்டு நாடா என்பது கனவாகவே இருந்திருக்கும்.

தோற்றம்

இத்தறி பிறந்த இடம் பால்டிக் கடற்கரையிலுள்ள டான்சிக் நகரம். இத்தாலியத் துறவியாகிய லான்செலொட்டி என்பவர் 1636-ல் வெனிஸ் நகரில் அச்சிட்ட தம்முடைய நூலில், ஒரே சமயத்தில் நான்கு முதல் ஆறு நாடாக்கள் வரை நெய்யும் அதிசயமான யந்திரம் ஒன்றை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அந்நகரில் அன்டன் மோல்லர் என்பவர் பார்த்ததாகவும், அதனால் ஏராளமான தொழிலாளர் பிச்சைக்காரராகி விடுவர் என்று அஞ்சிய நகராட்சியார் யந்திரத்தை ஒழித்ததோடு, அதைச் சிருஷ்டித்தவனை இரகசியமாகக் கழுத்தை நெரித்தோ நீரில் மூழ்கடித்தோ கொன்றுவிட்டதாகவும் குறித்திருக்கிறார். ஆகவே மோல்லர் அந்த யந்திரத்தைப் பார்த்தவரேயன்றிப் படைத்தவர் அல்லர். பிற்கால நூல்கள் பல பார்த்தவரையே படைத்தவராக்கிவிட்டன. உயிரை இழந்தவனின் பெயரோ எங்கும் எழுதப்படவில்லை. கொலைச் செய்தி கர்ணபரம்பரையாக இருக்கலாம் என்று ஐயுறுவாரும் உளர். எனினும், அடுத்த நூறாண்டுகளில் ஐரோப்பிய அரசுகள் இத்தறியிடம் காட்டிய துவேஷத்தை நோக்குமிடத்து அது நடந்திருக்க இயலாததன்று. புதுமுறைக் கருவிகளின் வரலாற்றை எழுதிய கோட்டிங்கன் பேராசிரியர் யோகான் பெக்மன் இத்தறிக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். அவருடைய செய்திகளையே கார்ல் மார்க்ஸும் தமது ‘மூலதனம்’ நூலில், யந்திரத்துக்கும் தொழிலாளிக்கும் நேர்ந்த முதற்பெரும் போராட்டத்துக்குச் சான்றாக எடுத்தாண்டிருக்கிறார்.

நெதர்லாந்தில் லைடன் நகரத்தில் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தறி தலைகாட்டியது. அங்கே நாடா நெய்வோர் கலகம் விளைத்தமையால் நகர சபை அதைத் தடுத்தது. பின்னர் நாட்டு மன்றம் பலமுறை கட்டுப்பாடுகளை விதித்து, முடிவில் 1661 டிசம்பர் 15-ம் தேதி உத்தரவினால் சில நிபந்தனைகளோடு அனுமதி அளித்தது. இங்கிலாந்துக்குச் சென்றபோது அதற்கு டச்சுத் தறி என்றே பெயர் ஏற்பட்டது. 1675 ஆகஸ்டு மாதத்தில் லண்டன் நெசவாளர்கள் அத்தறிகளை வீடுகளிலிருந்து இழுத்து வந்து தெருவிலிட்டுக் கொளுத்தினர். மறு ஆண்டில் கொலோன் நகரம் தடை விதித்தது. 1685 பிப்ரவரி 19-ல் சக்ரவர்த்தியின் ஆணை ஒன்று ஜெர்மனி முழுவதிலும் இத்தறியை விலக்கியது. ஹாம்பர்க் நகரில் சபையாரின் உத்தரவுப்படியே அதைப் பொதுவிடத்தில் எரித்தனர். சக்ரவர்த்தி ஆறாம் சார்லஸ் 1719-ல் அந்த ஆணையைப் புதுப்பித்தார். சாக்சனியில் பகிரங்கமாக இதைப் பயன்படுத்த 1765 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இவ்வளவு ஆணைகளைத் திரும்பத் திரும்பப் பிறப்பிக்க வேண்டியிருந்ததே, தறி மறைவாக எங்கும் ஓடிக்கொண்டிருந்தது என்பதற்குப் போதிய அத்தாட்சி.

தடுத்தவர் தடுத்துக்கொண்டிருக்க, பயனடைந்தவர் சுவிட்சர்லாந்திலுள்ள பாசல் நகரத்தார். 1660-களின் இறுதியில் இமானுவேல் ஹோஃப்மன் என்ற வணிகர் ஒரு தறியை நெதர்லாந்திலிருந்து களவாகக் கொண்டு சேர்த்தார். நகரத்துக் கைத்தொழிற் சங்கத்தார் முறையிட்டும், பாசல் மன்றம் வணிகர் பக்கமே சாய்ந்தது. அது முதல் சுற்றுப்புறக் கிராமங்களில் குடியானவர் வீடுதோறும் தறி ஏறிற்று. தறி நகரத்து வணிகருடைய சொத்து. அதன் சப்தத்தோடு உண்டு உறங்கும் குடும்பத்துக்குக் கூலி மட்டுமே உரிமை. பட்டு நூலை நகரத்திலிருந்து கொண்டு வரவும் நெய்த நாடாவைக் கொண்டு செல்லவும் வண்டிகள் முறை வைத்து ஓடின. இந்நாடாக்களுக்குச் சாயம் ஏற்றும் தொழிலிலிருந்தே பாசலின் ரசாயனத் தொழிற்சாலைகள் கிளைத்தன. பட்டுக்குச் சாயமிட்டு வந்த அலெக்ஸாண்டர் கிளாவெல் 1859-ல் ஃபுக்சின் என்னும் செயற்கைச் சாயத்தைச் செய்யத் தொடங்கினார். அவருடைய சாயப்பட்டறையே பிற்காலத்துச் சிபா நிறுவனத்தின் வித்து.

ஓடத்தை ஓட்டும் முறைகள்

ஓடங்களை ஓட்டும் சாதனத்தைக் கொண்டு நாடாத் தறிகளை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம். முதல் வகையில், அச்சுப்பலகையின் மேல் இடவலமாக நகரும் சட்டமொன்றில் முளைகள் அடிக்கப்பட்டு, ஒவ்வொரு முளையும் தனக்குரிய ஓடத்தைத் தள்ளிச் செல்லும். இதனுடைய திருந்திய வடிவமே தண்டுத் தறி. தறியின் முன்புறம் குறுக்கே நீண்ட மரத்தண்டு ஒன்றை நெய்பவர் முன்னும் பின்னும் அசைத்தாலே மிதிகட்டை, அச்சுப்பலகை, ஓடம் ஆகிய அனைத்தும் தத்தம் வேலையை முறைப்படி செய்து முடிக்கும். நெசவே அறியாத ஒரு சிறுவன்கூடத் தண்டை அசைத்து நாற்பது ஐம்பது நாடாக்களை ஒரே வேளையில் நெய்ய முடிந்தது. பரம்பரை நெசவாளரின் கோபத்துக்கு வேலையிழப்பு மட்டுமன்று, இந்த அவமானமும் ஒரு காரணம் போலும்.

இரண்டாம் வகையில் முளைகளுக்குப் பதிலாகப் பற்சக்கரங்கள் வந்தன. ஓடத்தின் அடியில் பற்கள் பதித்த சட்டமொன்று இருக்கும். காடியின் இருமருங்கிலுமுள்ள சிறு சக்கரங்கள் சுழன்று அதைக் கைமாற்றுவது போல ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கி அனுப்பும். தள்ளலில் உண்டாகும் அதிர்ச்சி இதில் இல்லை. மெல்லிய பட்டு இழைகள் அறுவது வெகுவாகக் குறைந்தது. மூன்றாம் வகை, வளைந்த ஓடம். நேரான ஓடம் எவ்வளவு நீளமோ அவ்வளவு இடைவெளி இரு நாடாக்களுக்கு நடுவில் வீணாகும். ஓடத்தைப் பிறைபோல் வளைத்து, பாதிச் சக்கரமாகச் சுழன்று கடக்கும்படி செய்ததனால் நாடாக்களை நெருக்கி வைக்க முடிந்தது. இவற்றோடு, ஓடங்களை இரண்டு மூன்று அடுக்குகளாக வைத்து அச்சுப்பலகையையே மேலும் கீழும் ஏற்றியிறக்கும் உபாயமும் சேர்ந்தபோது, ஒரே நாடாவில் பல வர்ண ஊடைகளை மாற்றி மாற்றி இடுவது எளிதாயிற்று.

விசையும் பூவேலையும்

1745-ல் ஜான் கேயும் ஜோசப் ஸ்டெல் என்பவரும் நாடாத் தறிக்குப் பெற்ற காப்புரிமையில், மனிதக் கையாலோ நீராலோ வேறு எவ்வித விசையாலோ அது இயங்கலாம் என்று கூறியிருந்தனர். இருபது ஆண்டுகளுக்குப் பின் மான்செஸ்டரில் கார்ட்சைட் என்பவர் இத்தகைய தறிகளைக் கொண்டு ஓர் ஆலை நிறுவினார்; ஆயினும் ஒவ்வொரு தறிக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டபடியால் ஆதாயம் கிடைக்கவில்லை.

பிரான்சில் செயின்ட் ஷமோன் ஊரைச் சேர்ந்த துகா சகோதரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சூரிச் தறி என்று பெயர் பெற்ற தண்டுத் தறியைப் புகுத்தினர். அதனால் செழித்த செயின்ட் எட்டியென் நகரம், பாவு இழைகளைத் தேர்ந்து தூக்குவதற்காக ஜக்கார்டு 1804-ல் முழுமைப்படுத்திய துளையட்டைப் பெட்டியைத் தறியின் மேல் ஏற்றியவுடன், பூவும் கொடியும் உருவங்களும் நெய்த நாடாக்களில் ஈடற்ற கீர்த்தி பெற்றது. நாடாவில் பூவேலைக்கு ஒரு விசேஷ வசதி உண்டு: பாவு இழைகள் சிலவேயாகையால், ஒரே பெட்டியிலிருந்து தொங்கும் கயிறுகளைப் பகிர்ந்து எல்லா நாடாக்களுக்கும் ஒரே சித்திரத்தை ஏற்றிவிடலாம்.

இங்கிலாந்தில் நாடாவின் தலைநகர் கவென்ட்ரி. அங்கே ஜோசயா பெக் என்பவர் நீராவியால் தறிகளை ஓட்டத் தொடங்கியபோது, 1831 நவம்பர் 7-ல் நெசவாளர் திரண்டு அவருடைய ஆலையைத் தீக்கிரையாக்கினர். வீட்டை விட்டு ஆலைக்குச் செல்ல விரும்பாத அந்நகரத்து மக்கள் விசித்திரமான சமரசம் ஒன்றைக் கண்டனர். வரிசையாக வீடுகளைக் கட்டி, கோடியில் ஒரு நீராவி யந்திரத்தை நிறுத்தி, அதிலிருந்து சுழலும் இரும்புத் தண்டை எல்லா வீடுகளின் மேல்மாடிகளின் ஊடேயும் செலுத்தினர். குடும்பம் கீழே வசிக்க, தறி மேலே ஓடிற்று. ஈலை கிரீன் 67 வீடுகளை இவ்விதம் அமைத்தார். கேஷ் சகோதரர்கள் 1857-ல் நூறு வீடுகளுக்குத் திட்டமிட்டு 48 கட்டினர். ஆயினும் ‘நூறு வீடுகள்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1860-ல் பிரான்சுடன் செய்துகொண்ட வாணிப உடன்படிக்கை அயல்நாட்டுப் பட்டு நாடாவுக்கு இருந்த சுங்கத்தை நீக்கிற்று. கவென்ட்ரித் தொழில் சரிந்து, ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டகன்றனர். எஞ்சியவர்களுள் தாமஸ் ஸ்டீவன்ஸ் 1862 முதல் ஜக்கார்டுத் தறியில் பட்டுச் சித்திரங்களும் நூலடையாள நாடாக்களும் நெய்து பிழைத்துக்கொண்டார். கேஷ் நிறுவனம் துணிகளில் தைக்கும் பெயர் நாடாக்களுக்கு மாறிற்று. வீட்டுக்கே விசையைக் கொண்டு செல்லும் கனவு பின்னர் மின்சாரத்தால் செயின்ட் எட்டியெனிலும் பாசல் கிராமங்களிலும் நிறைவேறியது. ஜெர்மனியில் பார்மன், எல்பர்ஃபெல்டு நகரங்களிலும், அமெரிக்காவில் பேட்டர்சன் நகரிலும் இத்தொழில் நடைபெற்றது.

முதல் உலகப் போருக்குப் பின் பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக் கொண்டதும் தொப்பிகள் சிறுத்ததும் அலங்கார நாடாவைக் குலைத்தன. இக்காலத்தில் ஓடத்துக்குப் பதிலாக, ஊடையை இரட்டையாக உள்ளே செலுத்தி மறு கரையில் கொக்கியால் கோத்துவிடும் ஊசித் தறிகளே பெரும்பாலும் வழங்குகின்றன. சுவிட்சர்லாந்தில் ஃபிரிக் என்னும் ஊரிலுள்ள யாக்கோப் முல்லர் நிறுவனம் இவற்றைச் செய்வதில் பெயர் பெற்றது. வாகன இருக்கைப் பட்டைகள், ஜிப்புக்குரிய நாடாக்கள், திருப்பூர் உள்ளாடைகளில் தைக்கும் எலாஸ்டிக் பட்டைகள் முதலியன இவ்வகைத் தறிகளில் நெய்யப்படுகின்றன.