குருதிப்புனல்: ஒரு தலைப்பும் அரைப்படி நெல்லும்

1995 தீபாவளிக்கு வெளிவந்த கமலஹாசனின் 'குருதிப்புனல்' படத்தை நான் திருவாரூரில் பார்க்கப் போனது ஒரு தவறான வாசிப்பின் விளைவு. தவறு என்னுடையது மட்டுமல்ல. போலீஸ் படம் என்று சுவரொட்டியே சொன்னது. ஆனால் எங்கள் கண்ணில் பட்டது தலைப்பு மட்டும்தான். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முப்பது வருஷம் இருந்த தோழர் ஒருவர்தான் என்னை இழுத்துக்கொண்டு போனார். "நம்ம வெண்மணிக் கதய எடுத்துட்டாங்களாம். இந்திரா பார்த்தசாரதி எழுதுனாரே, அதே பேரு." அப்ப போலீஸ் உடுப்பு எதுக்கு என்றேன். "வெண்மணிக்கும் போலீசு வந்துச்சுல்ல, எல்லாம் எரிஞ்சு முடிஞ்சப்புறம்" என்றார்.

இடைவேளையில் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தபடி கேட்டார்: "தம்பி, வெண்மணி எப்ப வரும்?"

வரவில்லை. அது கோவிந்த் நிஹலானி 1994இல் இந்தியில் எடுத்த 'துரோக்கால்' படத்தின் தமிழ் வடிவம். இரண்டு போலீஸ் அதிகாரிகள், அவர்கள் ஊடுருவ நினைக்கும் நக்சலைட் குழு, பிடிபட்ட தலைவன் தன்னைப் பிடித்த அதிகாரியையே மெல்ல வளைத்துவிடுவது. பாட்டே இல்லை, பி.சி. ஸ்ரீராமின் இயக்கம், அந்த வருஷத்துக்கு இந்தியாவிலிருந்து ஆஸ்கருக்கு அனுப்பப்பட்ட படம். திறமையான படந்தான், மறுக்கவில்லை. வெளியே வந்ததும் தோழர் சொன்னது: "போலீசு அழுவுறதுக்கு ஒரு படம் எடுத்துருக்கான்."

சொல்லுக்கு யாரும் பட்டா போட்டுக்கொள்ள முடியாது என்பது சரி. ஆனால் 'புனல்' இங்கே வெறும் இலக்கியச் சொல் அல்ல. சோழநாட்டுக்குப் புனல்நாடு என்றே பெயர். 1975இல் வந்து 1977இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற அந்த நாவலுக்குப் பிறகு, டெல்டாவில் கொஞ்சம் படித்தவனுக்குக் 'குருதிப்புனல்' என்ற குறிப்பான் ஒரே ஒரு குறிப்பீட்டைத்தான் சுட்டியது. 1968 டிசம்பர் 25, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணி, ராமையாவின் குடிசை, உள்ளே எரிந்த 44 பேர். ஆக, தொழிலாளர்கள் எரிக்கப்பட்டதன் பெயரைத் தாங்கி வந்த படத்தில் செங்கொடிக்காரன் பயங்கரவாதி, போலீஸ்காரன் துன்பியல் நாயகன். இந்த இடமாற்றம் தற்செயலாகவே இருக்கட்டும். தற்செயல்களுக்கும் அரசியல் உண்டு.

ஆனால் சினிமாவை மட்டும் குற்றம் சொல்வது சௌகரியமான வேலை. நாவலே என்ன செய்தது? வெண்மணியில் பிரச்சினை கூலி. அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். சங்கத்தை விட்டு வெளியே வா என்ற மிரட்டலுக்கு மறுத்தார்கள். நாவலிலோ டெல்லியிலிருந்து வரும் படித்தவனின் கண் வழியாகக் கிராமம் விரிகிறது. நிலவுடைமையாளனின் கொடூரத்துக்கு வேர் அவனது ஆண்மைக் குறைபாட்டில் தேடப்படுகிறது. வர்க்கம் இருந்த இடத்தில் உளவியல் உட்கார்ந்துகொண்டது என்று இடதுசாரி விமர்சகர்கள் அன்றைக்கே சண்டை போட்டார்கள். நியாயமான சண்டை. நீதிமன்றத்தின் வாசிப்பு இன்னொரு விதம்: கார் வைத்திருக்கும் பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் பேசி, 1973இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. ஒவ்வொரு பிரதியிலும் ஏதோ ஒன்று கூடுகிறது, அரைப்படி நெல் மட்டும் காணாமல் போகிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்த நாவலை வைத்துப் படம் ஏற்கெனவே வந்துவிட்டது. 1983இல் ஸ்ரீதர்ராஜன் இயக்கிய 'கண் சிவந்தால் மண் சிவக்கும்'. அறிமுக இயக்குநரின் சிறந்த படம் என்று தேசிய விருதும் வாங்கியது. தோழருக்கு அப்படியொரு படம் வந்ததே தெரியாது. அதில் ஜேசுதாஸ் பாடிய 'மனிதா மனிதா' தெரியும்; மேடைகளில் போட்டுக் கேட்டிருக்கிறார். விஷயம் வந்தபோது பெயர் இல்லை. பெயர் வந்தபோது விஷயம் இல்லை.

தமிழ் சினிமா டெல்டாவை எதன் பெயரால் விளம்பரம் செய்தது என்று பார்த்தால் இது புரியும். வெண்மணி எரிந்த அதே 1968இல், ஐந்து மாதம் முன்னால் ஜூலையில், 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. சிக்கல் சண்முகசுந்தரம், திருவாரூர் மோகனாம்பாள். நாதஸ்வரமும் சலங்கையுமாக ஒரு தஞ்சாவூர். சிக்கலிலிருந்து திருவாரூர் போகிற அந்தச் சாலையில் நடுவே கீழ்வேளூர். அங்கே தெற்கே திரும்பினால் தேவூர், பிறகு வெண்மணி. கதாநாயகனும் நாயகியும் அந்தத் திருப்பத்தைத் தாண்டித்தான் போய்வந்திருக்க வேண்டும். அந்தப் படத்தை நான் நாலு தடவை பார்த்திருக்கிறேன். சிவாஜியின் கன்னம் உப்புவதைத்தான் பார்த்தேன், திருப்பத்தை நினைத்ததில்லை.

விதிவிலக்கு உண்டு. பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் எடுத்த ஆவணப்படம் 'ராமையாவின் குடிசை' என்று பெயர் வைத்து, அந்தக் குடிசையைப் பற்றியே பேசியது. அதை மண்டபத்தில் துணி கட்டித்தான் பார்த்தோம்.

2019இல் 'அசுரன்'. பூமணியின் 'வெக்கை' படமாகிறது என்றுதான் செய்தி. கரிசல்காட்டுக் கதை என்று நினைத்துத்தான் போனேன். நாவலில் இல்லாத ஒரு முன்கதை படத்தில் விரிந்தது. பஞ்சமி நிலம், மீட்கப் போராடும் சனம், இரவில் தீப்பற்றும் குடிசைகள். இம்முறை விளம்பரத்தில் சொல்லாததை உள்ளே வைத்திருந்தார்கள். கூலி இங்கேயும் இல்லை, நிலம் இருந்தது. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தோழர் அப்போது உயிரோடு இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த காலேஜ் பையன் வெளியே வரும்போது கேட்டான்: "அந்த நெருப்பு நெசமா நடந்ததாண்ணே? கோவில்பட்டிப் பக்கமா?"

"இல்ல தம்பி. கீழ்வேளூர்ல எறங்கி, தேவூர் பக்கம் போவணும்."